ரோடு வரும் வரை குமரகுருவுக்கு

மேல்மலையில் போளூரைத் தாண்டி, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் ஏறினால் மலைச்சாமியின் ஊர். பூண்டு விளைகிற ஊர். மொத்தம் நூற்றெண்பத்தெட்டு ஓட்டு. அந்த ஊரை ரோடில்லாத இந்தக் கதிக்கு ஆளாக்கியது வேறு யாருமில்லை, மலைச்சாமியின் வாய்தான்.

குமரகுரு முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு நின்றபோது மூச்சிரைக்க நடந்தே ஏறி வந்தார். அதற்கு முன் எந்த வேட்பாளரும் அங்கே கால் வைத்ததில்லை. ஊரே உருகிப் போனது. ஊர்ப் பெரியதனமான மலைச்சாமி அம்மன் முன்னால் சூடம் ஏற்றி, எல்லோருக்குமாக அதை அணைத்துச் சத்தியம் செய்தார்.

"ரோடு வர்ற வரைக்கும் எங்க ஓட்டு ஒங்களுக்குத்தாங்க. ஒண்ணுகூடப் பெசகாது."

நல்ல மனுஷன், கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கக் கூடாதா? ரோடு போட்டால்தான் ஓட்டு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்! ரோடு வராத வரை ஓட்டு என்று சொன்னால் எவன் ரோடு போடுவான்? குமரகுருவுக்கு அது அன்றைக்கே விளங்கிவிட்டது. ஊருக்கு விளங்கப் பத்து வருஷம் ஆனது.

இரண்டாவது முறையும் ஜெயித்தார், மூன்றாவது முறையும் ஜெயித்தார். ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரகசிய வாக்குதானே, மாற்றிக் குத்தலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அம்மனுக்கு எது ரகசியம்?

மூன்றாவது முறை அவர் ஜெயித்த வருஷம் மலைச்சாமியின் மனைவி வீரம்மாளுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த கையோடு மலைச்சாமி குமரகுருவின் வீட்டுக்குப் போனார். சத்தியம் வாங்கியவரே வந்து அம்மன் திருநீற்றைக் கையால் கொடுத்தால் சத்தியம் தீரும். அதுதான் அங்கே வழக்கம்.

"ரோடு வேணாங்க. ஒரு எட்டு வந்து சத்தியத்த மட்டும் தீத்து விட்ருங்க."

"சாமி காரியத்துல நான் கை வைக்கலாமா, மலைச்சாமி? ரோடு வந்தா அதுவாத் தீந்துரும்."

காபி கொடுத்து அனுப்பினார். மலைச்சாமி அந்தக் காபியையும் குடித்துத் தொலைத்தார்.

நான்காவது தேர்தலில் குமரகுரு தோற்றார். அவருக்கே ஓட்டுப் போட்ட ஊர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது. ஜெயித்தவர் சேனாதிபதி. மலைச்சாமியின் மருமகள் சுபஸ்ரீக்கு அப்போது ஏழு மாதம். பிரசவத்துக்குள் மண் ரோடாவது வந்துவிடாதா என்ற ஆசையில் மலைச்சாமி மனுவோடு வெள்ளனே இறங்கினார்.

சேனாதிபதி மனுவைத் தொடவில்லை. ஊர் ஊராக விழுந்த ஓட்டுக் கணக்குத் தாளை எடுத்துப் பிரித்தார்.

"பதிவானது நூத்தியெம்பத்தஞ்சு. அவருக்கு விழுந்ததும் நூத்தியெம்பத்தஞ்சு. பெரியவரே, எனக்குப் போட்ட ஒரே ஒரு ஆளக் காட்டுங்க, அவர் வீட்டுக்கு ரோடு போடுறேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மலைச்சாமி மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

"நாளைக்கே பெரியகுளத்துக்கு ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரும்மா. வலி வந்த பெறகு ஒன்னையத் தூக்கிட்டு எறங்க என்னால ஆகாது," என்றார் மருமகளிடம்.

சுபஸ்ரீ துணிகளை எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அடுத்த எலெக்சன்லயாவது மாத்திப் போடலாமா, மாமா?"

"எப்படிம்மா? இன்னும் ரோடு வரலையே."