இடுப்பளவுத் தண்ணீர்

அன்று பழவேற்காடு ஏரிப் பக்கம் இருந்தவர்கள் நாலு பேர். படகில் நானும் என் மச்சானும். கரையில் சோற்றுக் கூடையோடு என் மனைவி. முகத்துவாரத்துக்குக் கிட்டே வலை கட்டி நின்ற மீன்காரர் ஒருவர். படகின் பாயில் அச்சாகிச் சிரித்துக்கொண்டிருந்த கைக்குழந்தையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பாய் என்றால் பழைய ஃபிளெக்ஸ் பேனர், யார் வீட்டுக் காதுகுத்தோ. மச்சானும் நானும் கும்மிடிப்பூண்டியில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் ஒரே செக்‌ஷன். கழித்துப் போட்ட கண்ணாடியிழை விரிப்பையும் மீந்த ரெசின் பசையையும் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, இரண்டு பேர் உட்காரும் ஒல்லிப் படகு ஒன்றை மச்சான் செய்துவிட்டான். கயாக் என்றான். ஏதோ பத்திரிகையில் படம் பார்த்தானாம். துடுப்புக்கு பிவிசி பைப். திரும்பும்போது கை வலிக்கக் கூடாதென்று ஒரு மூங்கிலும் அந்தப் பேனரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். நீச்சலும் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண்ணசருகிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போகிறவன்.

"யோவ், மூஞ்சி இன்னாத்துக்கு அப்டி கீது? கடலுக்கா போற, ஏரிக்குத்தான போற," என்றாள் மனைவி.

அந்த ஏரிக்குக் கடலோடு ஒரு வாய் இருப்பதுதான் என் கவலை.

போகும்போது சுகமாகத்தான் இருந்தது. தண்ணீர் கடலை நோக்கி இறங்கும் நேரம். துடுப்பைச் சும்மா நனைத்தாலே படகு போனது. கோடை வெயிலில் ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு அபூர்வம், பயப்படாமல் இருப்பது அதைவிட.

பிறகு அலைச் சத்தம் கேட்டது. தூரத்தில் மணல்திட்டுக்கு நடுவே வெள்ளையாக நுரை.

"போதும்டா, திருப்பு."

"இரு மாமா, பாய விரிக்கிறேன். காத்து நம்ம பக்கம் கீது."

அவன் கயிற்றோடு மல்லுக்கட்டினான். பேனர் படபடவென்று அடித்தது, நிரம்பவில்லை. அதற்குள் கரை பின்னால் நகர்வது தெரிந்தது. கடலுக்குப் போகிறோம் என்று முடிவுகட்டிவிட்டேன். பக்கத்தில் வரிசையாகக் கழி ஊன்றியிருந்தது. எட்டி ஒன்றைப் பிடித்தேன்.

"ஏய்! கழிய வுடு! வுடுய்யா!"

மீன்காரர் கத்தினார். காதில் நன்றாகவே விழுந்தது. கைதான் விடவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று பாயில் நிறைந்து, படகைக் கரைப்பக்கம் ஒரே இழுப்பாக இழுத்தது. கழி பிடுங்கிக்கொண்டு வந்தது. அதோடு கட்டிய வலை சரிய, அடுத்த கழியும் சாய்ந்தது. நாங்கள் கவிழ்ந்தோம்.

"மாமா, நில்லு! காலக் கீழ வையி!" என்று மச்சான் கூவினான்.

வைத்தேன். தண்ணீர் இடுப்பளவு.

மீன்காரர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வலையைத் தூக்கிப் பார்த்தார். இறாலெல்லாம் போய்விட்டது.

"இன்னிக்கு எம் பாடு," என்றார்.

அங்கே வலை கட்டத் தோதான இடம் கொஞ்சம்தான். அதனால் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். தன் முறை வரும் நாளில்தான் ஒருவர் கழி ஊன்றலாம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டைக் கெடுத்தவன் தன் பாட்டை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

"அடுத்த மொற வர்றதுக்குள்ள மொகத்துவாரம் மண்ணடிச்சி மூடிக்கும். அப்பறம் ஏது எறா? உங்கிட்ட இன்னா பாடு கீது, எனக்குக் குடுக்க?"

என்னிடம் இருந்தது ஷிஃப்ட் மட்டும்தான். "ஓவர்டைம் பாத்துக் குடுத்துடறேன்ணா," என்றேன். மச்சான் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ வரும்ணா?" என்று கேட்டான். மீன்காரர் சாய்ந்த கழியை நிமிர்த்திக்கொண்டே, "ரெண்டாயிரம்," என்றார். அதிகம் சொல்லவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். முகத்துவாரம் மூடிவிட்டதா, திறந்திருக்கிறதா? பழவேற்காட்டிலிருந்து வேலைக்கு வருகிற ஒருவரைத் தினமும் கேட்டு நச்சரித்தேன். திறந்தே இருந்தால் மீன்காரருக்கு இன்னொரு பாடு கிடைக்கும், என் தப்பு பாதியாகக் குறையும். அவர் முறை வருவதற்கு முன்பே மூடிக்கொண்டது.

சம்பளம் வாங்கியதும் போய்க் கொடுப்பேன். முதல் இரண்டு தடவையும் எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, "டீ சாப்ட்டுப் போ," என்பார். மூன்றாம் தடவை போனபோது வீடு பூட்டியிருந்தது. ஏரி செத்துக் கிடக்கிறது, குடும்பத்தோடு ஆந்திராப் பக்கம் படகு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள் பக்கத்து வீட்டில். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்ததும் போய்ப் பார்த்தேன். அப்போதும் பூட்டுதான்.

எழுநூறு ரூபாய் பாக்கி.