எட்டில் எட்டும் மேகம்

என் அக்காள் கணவருக்கு விமான நிலையத்தில் வானம் பார்க்கும் வேலை. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. மணிக்கொரு முறை மொட்டைமாடியில் நின்று ஒரு சுற்றுத் திரும்பி, வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எட்டும் மூடியிருந்தால் ‘ஓவர்காஸ்ட்’. ஒரு கீற்று நீலம் தெரிந்தாலும் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வாங்க முடியாது.

நான் தையல்காரன். “எங்க கடையில ஓவர்காஸ்ட்னா துணி ஓரம் பிரியாம சுத்தித் தைக்கிறது மச்சான்” என்று சீண்டுவேன்.

“நீ துணியைப் பாரு மாப்ள, நான் வானத்தைப் பாக்குறேன்.”

முகங்களுக்கும் அதே சொல்தான். அக்காள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், “வீட்ல ஓவர்காஸ்ட்” என்று என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று அவளிடம் கேட்க மாட்டார். ஆபீஸில் பார்த்ததைச் சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. மேகம் ஏன் வந்தது, எப்போது போகும் என்பதெல்லாம் அடுத்த அறைக்காரர்கள் பாடு. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார், மகராசன். அக்காள் வாய்க்காரி, கேட்காமலே கொட்டித் தீர்த்துவிடுவாள். அதனால் பிழைத்தார்.

அக்காள் கண்மூடிய பிறகு வீட்டில் அவரும் மகளும்தான். மகள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், லேசில் வாய் திறக்க மாட்டாள். கடல் கடந்து ஒரு வேலை கிடைத்ததிலிருந்து அவள் முகமே சரியில்லை.

“முழு ஓவர்காஸ்ட் மாப்ள. தானா கலையும்.”

“என்னான்னு கேளுங்க மச்சான்.”

“கிளம்புற நேரத்துல எதுக்கு நோண்டிக்கிட்டு?”

கிளம்பிப் போனாள். அங்கேயே கல்யாணம், குழந்தைகள், வீடு என்று ஆகிவிட்டது.

போன வாரம் போனில் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள்: “எனக்குப் போகவே இஷ்டமில்ல மாமா. அப்பாவைத் தனியா விட மனசு வரல. ஏம்மா இப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. சரி, நான் இல்லாட்டியும் அவருக்கு ஒண்ணுமில்லன்னு கிளம்பிட்டேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னேன்.

“அவ போகத் துடிக்கிறா, எனக்காகத்தான் தயங்குறான்னு நினைச்சேன். அதான் வாயைத் திறக்கல” என்றார். பாவி மனுஷன். என் முன்னாலேயே மகளைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“போறதுக்கு முன்னாடி ஏம்மா அப்படி இருந்தே?”

அந்தப் பக்கம் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இப்போ கேக்குறீங்களேப்பா” என்றாள்.