சிங்கத்தின் கீழ்ப்பாதி

கிறகரி கண்டி மாநகர சபையில் பார்த்த உத்தியோகம் போஸ்டர் கிழிக்கும் உத்தியோகம். அவரே ஏணி வைத்து ஏறிக் கிழிக்கவில்லை. அனுமதியில்லாமல் ஒட்டியவற்றைக் கிழித்துவிட்டு வரும்படி ஆட்களை அனுப்பும் கிளார்க் அவர். ஓய்வு பெறும்வரை ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி அந்த வேலையைச் செய்தார். மாலையில் மஹய்யாவையில் உள்ள வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு, கிழிந்த பழைய போஸ்டர்களை ஒட்டவைக்க உட்காருவார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று யாராவது சொன்னால் அவருக்கு உண்மையிலேயே விளங்காது. கந்தோர் கந்தோர், வீடு வீடு.

இந்தக் கிறுக்கு பிடித்ததும் கந்தோரால்தான். ஒரு தேர்தல் முடிந்த கையோடு சுவர் சுரண்டப் போன ஆட்கள், "சேர், அடியில யானை ஒண்ணு இருக்கு" என்று வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தார். தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் கன்னத்துக்குப் பின்னால், தொப்பி போட்ட யானை முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ வந்துபோன சர்க்கஸ். வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சுவரை நனைத்து, வேட்பாளர்களை ஒவ்வொருவராக உரித்தெடுத்து, யானையைச் சேதமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனுஷன் அன்றைக்குக் கெட்டதுதான் என்று அவருடைய மனைவி டொரதி இன்றைக்கும் சொல்வார்.

யானைக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், பெட்டிக்குள் இரண்டாக அறுபட்டும் சிரிக்கிற பெண், துப்பாக்கி சுடும் கிளி. மூடிப்போன அச்சகம், பழைய புத்தகக் கடை, நாவலப்பிட்டியில் இடிக்கவிருந்த ஒரு சில்லறைக் கடையின் கதவு என்று எங்கே வாடை அடித்தாலும் கிறகரி அங்கே நின்றார். அலுமாரியில் டொரதியின் சேலைகள் இருந்த தட்டு முதலில் போனது, பிறகு அலுமாரியே போனது.

"எங்க அம்மா சீதனமா குடுத்த அலுமாரில சர்க்கஸ்காரிங்க குடியிருக்காளுங்க, என்னோட சேல எல்லாம் பெட்டிக்குள்ள கெடக்கு" என்று டொரதி கோயில் வாசலில் வைத்து நாலு பேருக்குக் கேட்கவே சொல்வார். சொல்வாரே தவிர, வீட்டுக்கு வருகிற உறவுக்காரப் பிள்ளைகள் அலுமாரியில் கை வைத்தால் முதலில் பாய்கிறவரும் அவர்தான்.

இத்தனை இருந்தும் கிறகரியின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு போஸ்டர். அவர் பிறப்பதற்கு முன்பு போகம்பரை மைதானத்தில் கூடாரம் அடித்த 'கிரேட் மாணிக்கா சர்க்கஸ்' கம்பனியுடையது. அவ்வளவு பெரிய படத்தை ஒரே தாளில் அடிக்க அந்தக் காலத்து மெஷினால் முடியவில்லை. இரண்டு தாளாக அடித்து, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். கிறகரியிடம் இருந்தது கீழ்த்தாள். அதில் ஒரு சிங்கத்தின் நாலு கால்களும், அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் சலங்கை கட்டிய இரண்டு பாதங்களும் தெரியும். அதற்கும் கீழே, 'சிங்கத்தின் மேல் மிஸ் பங்கஜம். தினம் இரண்டு காட்சிகள். சிறுவர்களுக்கு அரை டிக்கட்' என்று இருக்கும். மேல்தாளை நாட்டில் ஒருவரும் கண்டதில்லை.

"இந்த வயசுல இன்னொருத்தியோட காலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்பார் டொரதி.

டொரதி சொன்னால் பரவாயில்லை. முஹ்ஸின் ஹாஜியார் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கட்டுகஸ்தோட்டையில் பெரிய ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அவரும் போஸ்டர் பைத்தியம்தான். கையில் தாராளம் இருந்ததால், கிறகரி நடந்து தேடியதை அவர் வேன் அனுப்பி எடுப்பித்தார். கீழ்த்தாளைப் பார்த்துவிட்டு, "பாதி போஸ்டர் போஸ்டராகுமா, மிஸ்டர் கிறகரி? அது கடல சுத்துற கடதாசி" என்று சிரித்தார். மேல்பாதியைக் கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்து, ஹாஜியாரைக் கூப்பிட்டு முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் செத்தாலும் சரி என்றுதான் கிறகரி இருபது வருடமாகத் திரிந்தார்.

போன வருடம், தேயிலைத் தோட்டங்களில் போத்தல் பேப்பர் வாங்கி விற்கும் அழகையா ஒரு செய்தி கொண்டுவந்தார்.

"சேர், ஹேவாஹெட்ட பக்கம் ஒரு லயத்துல நீங்க சொல்ற மாதிரி படம் ஒண்ணு இருக்குங்க. பொம்பள, சிங்கத்து மேல. ஆனா முழங்காலுக்குக் கீழ இல்ல."

கிறகரிக்குத் தலைகால் புரியவில்லை. "யாரு வீட்டுல?"

"பிள்ளைக் காம்பராவுல புள்ளைக பாக்குற அங்கம்மா வீட்டுல. ஒரு சங்கடம் என்னன்னா, அத அவங்க துர்க்கையம்மன்னு கும்பிடுறாங்க."

கிறகரி இரண்டு நாள் யோசித்தார். பிறகு கொழும்பு வீதியில் ஒரு படக்கடைக்குப் போய், கடையிலேயே பெரிய துர்க்கையம்மன் படத்தை, தங்கநிறச் சட்டம் போட்டு வாங்கினார். எட்டுக் கை, எட்டு ஆயுதம், உறுமுகிற சிங்கம், ஒரு குறையும் கிடையாது. இதைக் கொடுத்து அதை வாங்கிவிடலாம். கொடுக்க மறுத்தால், அது சாமியில்லை, சர்க்கஸ்காரி என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம். சாட்சிக்குக் கீழ்த்தாளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். அங்கம்மா வீட்டில் இருக்க வேண்டுமே என்று, தோட்டத்துக்கு லீவு நாளான போயாவைத் தெரிந்தெடுத்தார். போயா என்றால் பௌர்ணமி, பௌர்ணமி என்றால் பூசை என்பது மட்டும் அந்தக் கத்தோலிக்க மூளைக்கு எட்டவில்லை.

"ஃபாதர் வழியில கண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார் டொரதி, கணவர் துர்க்கையம்மனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்து.

தலாத்துஓயா வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, பிறகு அழகையாவின் பின்னால் தேயிலைக்குள் நடந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில் நிற்க இடமில்லை. பொங்கல் வெந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன கிறகரி சுவரைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

அவள்தான். கறுத்துப்போன மரச்சட்டத்துக்குள் கிரீடம், ரவிக்கை, கையில் சவுக்கு. சவுக்கு போதாது என்று யாரோ வெள்ளிக் கடதாசியில் சூலம் வெட்டிப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் சந்தனம், சிங்கத்தின் பிடரியில் வாடிய செவ்வந்தி. கம்பனியின் பெயர் இருந்த இடத்தைச் சரிகைத் தோரணம் மறைத்திருந்தது. மிஸ் பங்கஜம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க அங்கம்மா கதிரை கொண்டுவந்து போட்டார். கிறகரி புதுப் படத்தை நீட்டி, "இது ஒங்களுக்குத்தான். அந்தப் பழசுக்குப் பதிலா வச்சிக்கங்க" என்றார்.

அங்கம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரொம்ப சந்தோசம் சேர். பக்கத்துலயே வச்சிக்கிறோம்." உடனே மகன் சதீஸ் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து அறைந்தான். இருந்த ஒரு அம்மன் இரண்டாக ஆனதே தவிர, பழையது சுவரை விட்டு அசையவில்லை. பண்டமாற்று என்பது அன்பளிப்பாகிவிட்டது. அன்பளிப்பைத் திருப்பிக் கேட்க முடியுமா?

எனவே கிறகரி பக்குவத்தைக் கையில் எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இது அம்மன் படம் இல்ல. சர்க்கஸ் கம்பனி போஸ்டர். நம்பல்லன்னா பாருங்க, இதோட கீழ்ப்பாதி எங்கிட்ட இருக்கு." குழாயைத் திறந்து தாளை உருவி, பழைய படத்தின் சட்டத்துக்கு நேர்கீழே சுவரில் விரித்துப் பிடித்தார். "இங்க பாருங்க, டிக்கட் விலை கூடப் போட்டிருக்கு."

டிக்கட் விலையை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கம்மாவின் மகள் நிலூஷா மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, பாதம் வந்திருச்சி."

அதற்குப் பிறகு நடந்தவற்றில் கிறகரிக்குச் சம்பந்தமே இருக்கவில்லை. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். வரிசையாக வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். வீட்டில் கையுறை போடாமல் கிறகரி தொட்டேயிராத அந்தத் தாளில் சந்தனமும் குங்குமமும் ஏறின. ஒரு கிழவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு 'சிறுவர்களுக்கு அரை டிக்கட்' என்று வாய்விட்டுப் படித்து, தலையாட்டிவிட்டு, அதையும் தொட்டுக் கும்பிட்டார்.

"சர்க்கஸ்னு எங்களுக்கும் தெரியும் சேர்" என்றார் அங்கம்மா. "எங்க மாமனார்தான் கண்டிக்குப் போயி கொண்டாந்தாரு. ஒங்க மாதா படமும் பிரஸ்ல அடிச்சதுதானே? நான் கல்யாணமாயி இந்தக் காம்பராவுக்கு வந்த அன்னைக்கு எனக்கு ஒரே பயம். இங்க பயமில்லாம இருந்தது இவ ஒருத்திதான். அன்னையிலருந்து கும்பிடுறேன். ஆனா கால் இல்லாதவளாப் போயிட்டாளேன்னு எங்களுக்கு ஒரு கொற."

கிறகரி தாளை விடாமல் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க பொருள் சேர். பூச முடியிற வரைக்கும் வச்சிருப்போம். பொறவு சுருட்டி எடுத்துட்டுப் போங்க" என்றார் அங்கம்மா. நியாயமான பேச்சு. கிறகரி தலையாட்டினார். அத்தோடு கதிரையில் உட்கார்ந்திருந்தால், மாலை பஸ்ஸில் தன் கீழ்த்தாளோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

சதீஸ் தாளை வாங்கிச் சுவரில் பிடித்தான். கோணலாகப் பிடித்தான். முழங்கால் ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம், சிங்கம் நொண்டியது.

"கொஞ்சம் எடப்பக்கம், தம்பி."

"இப்பிடியா சேர்?"

"ரொம்பப் போயிட்டுது. மேல தூக்குங்க. இல்ல, அவ்வளவு வேணாம்." ஒரு பெண் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தாள், கட்டி கட்டியாக. கிறகரியால் பொறுக்க முடியவில்லை. "ஐயோ, அத வைக்காதீங்க. விடுங்க, நான் பாக்கிறேன்."

சட்டையின் கையை மடித்தார். சட்டத்தைக் கழற்றச் சொன்னார். மாவை மெல்லிய தீயில் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஆறவைத்தார். மேல்தாளை மேசையில் கிடத்தி, தோரணத்தை எடுத்து, விளிம்பை ஈரத்துணியால் ஒற்றி, கீழ்த்தாளை நூல் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். லயமே சுற்றி நின்று மூச்சுவிடாமல் பார்த்தது. இதைவிட நல்ல வேலையை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. இரண்டடி பின்னால் வந்து, நாலு காலிலும் நிற்கிற சிங்கத்தையும் அதன் மேல் முழுசாக உட்கார்ந்திருக்கிறவளையும் கண் நிறையப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

திரும்பும்போது குழாய் காலியாக இருந்தது. மடியில் பொங்கல் பார்சல், தோளில் அழகையாவின் தூங்குகிற தலை. கிறகரிக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று கோபமாகவும் வந்தது.

டொரதி கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து, "சரி, அவ மொகம் எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டார்.

"பரவால்ல" என்றார் கிறகரி, பொங்கலைப் பார்த்தபடி.

மறுநாள் முஹ்ஸின் ஹாஜியார் போன் எடுத்தார். "மிஸ்டர் கிறகரி, ஹேவாஹெட்ட பக்கம் குழாயோட போனதாக் கேள்வி. மேல்பாதி கெடச்சிட்டா?"

இருபது வருடம் காத்திருந்த கேள்வி. பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஹாஜியார் கெட்டவரில்லை. ஆனால் படத்துக்குப் பதிலாக அந்த லயம் முழுவதற்கும் புதுத் தகரம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லக்கூடிய ஹார்ட்வெயார் கடைக்காரர். அங்கம்மாவின் கூரை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கிறகரி கண்ணால் பார்த்திருந்தார். ஒழுகுகிற வீட்டுக்கு வரக்கூடிய தகரத்தைத் தடுப்பது பாவமாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தார். நினைத்துவிட்டு, பொய்யைச் சொன்னார்.

"கெடைக்கல்ல ஹாஜியார். கையில இருந்த கீழ்ப்பாதியும் போயிட்டுது. எலி கடிச்சிட்டுது."

இப்போது சிரிப்பார் என்று கிறகரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். போன் வைக்கப்பட்டது.

அன்று பின்னேரம் ஹாஜியார் தானே வேனை ஓட்டிக்கொண்டு மஹய்யாவைக்கு வந்தார். கையில் வட்டிலப்பம். இழவு வீட்டுக்கு வந்தவர்போலக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"ஊட்டுல செஞ்சது. சாப்பிடுங்க" என்றார். "அந்தக் கால்ல சலங்கைய எவ்வளவு வடிவா வரைஞ்சீந்தான். எனக்கு ராவெல்லாம் அதுதான் நெனவு வரும், மிஸ்டர் கிறகரி. நா ஒங்கள நக்கலடிச்சன். என்னட்ட இல்லையேங்கிற எரிச்சல்ல சொன்னது. மனசுல வெச்சிக்கொள்ளாதீங்க."

அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. இந்த நாட்டில் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தால் குழந்தைபோலச் சந்தோஷப்படக்கூடிய இன்னொரு மனிதர் இவர் ஒருவர்தான் என்பது கிறகரிக்கு அப்போதுதான் தெரிந்தது. இவரிடம் மட்டும்தான் சொல்ல முடியாது. அறை வாசலில் நின்ற டொரதி கணவருடைய முகத்தையே பார்த்தார், சிரிக்கவில்லை.

ஹாஜியார் கையை நீட்டிக் கிறகரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் மிஞ்சல்லயா? ஒரு துண்டு சரி?"

"இல்ல ஹாஜியார்" என்றார் கிறகரி. "ஒண்ணும் மிஞ்சல்ல."

டொரதி தேத்தண்ணி வைக்க உள்ளே போனார்.