தனிப்பாய் விரதம்

குழந்தை வேண்டும் என்று என் மருமகன் மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டவர் மனைவியோடு படுக்கக் கூடாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு. அது முடிந்து ஊர் திரும்பினால் தைப்பூசத்துக்குப் பழனி நடை. பங்குனியில் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டு. எல்லாம் பிள்ளை வரம் கேட்டுத்தான். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கூடத்தில் தனிப்பாய், என் மகளுக்கு உள்ளறை. வரம் கொடுக்க நினைக்கும் சாமிக்கே இடைஞ்சலான ஏற்பாடு.

நான் இராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். மகளை உத்தரகோசமங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்தேன். நிலபுலன் உள்ள குடும்பம். மிளகாய் போடுவார்கள். தரிசில் வளரும் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியும் எடுப்பார்கள். மண் பூசிய மூட்டத்துக்குள் விறகு நாள்கணக்கில் புகைந்து வேகும். மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். வேலையாட்களை நம்பாமல் மருமகனே அந்தச் சூட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வாயில் பீடியோடு. மிளகாய்க்கு மருந்தடிப்பதும் அவர்தான். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டமாட்டார்.

என் மகளுக்கு இரண்டு முறை கரு தரித்தது. இரண்டு முறையும் மூன்று மாதம் முடிவதற்குள் கலைந்தது. உடனே விசாரணை தொடங்கியது, அவள் மேல் மட்டும். ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் படம். படம் எடுத்துவிட்டு வந்த அன்று அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத குறை ஏதோ அவளிடம் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். எதிர்த்தரப்பை விசாரிக்காமல் எழுதிய முடிவு எதுவும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. வீட்டு விவகாரத்துக்கு அந்த விதி இல்லை போலும்.

மருமகனுக்கு ஒரே ஒரு சோதனை: விந்தணு எண்ணிக்கை. அது நன்றாக இருக்கிறது என்றதும் சம்பந்தியம்மா ஊர் முழுக்கச் சொன்னார்.

"கோடிக்கணக்குல இருக்காம்ல மதினி! எம் மகன் மேல ஒரு குத்தமும் இல்ல."

ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு வேலையும் நடக்காத இடங்களை நான் ஓய்வுபெறும்வரை பார்த்தவள். சொன்னால் அவருக்குப் புரியாது.

இரண்டாவது கரு கலைந்த அடுத்த மாதம் தோஷம் கழிக்க எல்லோரும் இராமேஸ்வரம் போனோம். ஒவ்வொரு தீர்த்தக் கிணற்றிலும் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினார்கள். ரத்தம் போய் வெளுத்திருந்த பெண், நனைந்த சேலையோடு பிரகாரத்தில் நடுங்கிக்கொண்டு நடந்தாள். வெளியே டீக்கடையில் வைத்துச் சம்பந்தியம்மா சாவகாசமாகச் சொன்னார்:

"வர்ற கார்த்திகைக்கும் அவன் மாலை போடுறான். அதுக்கப்புறமும் தங்கலேன்னா எங்க அண்ணன் மகளக் கேக்கலாம்னு இருக்கோம். ஒங்க மக பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

மகள் தலை துவட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் காதில் விழத்தான் அது சொல்லப்பட்டது.

"மதினி, பொண்டாட்டி இருக்கையில இன்னொருத்தியக் கட்டுறது குற்றம்" என்றேன். "மனு எங்க கொடுக்கணும், நடவடிக்கை இல்லேன்னா அடுத்த மனு யாருக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். அதுக்கு முன்னாடி ஒங்க மகன மதுரைக்குக் கூட்டிட்டு வாங்க. அவருக்குப் பாக்க வேண்டிய சோதனை பாக்கி இருக்கு."

"எம் மகனுக்கா? பேரன் பேத்தின்னு தழைச்ச குடும்பம் மதினி எங்களுது."

மருமகன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நான் வாரேன் அத்தை" என்றார். அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

மதுரையில் பெண் டாக்டர். சோதனை முடிவு வந்ததும் மகள், மருமகன், சம்பந்தியம்மா மூவரையும் எதிரே உட்காரவைத்தார். நான் பின்னால் நின்றேன்.

"எண்ணிக்கை சரி, ஓட்டமும் சரி. ஆனா அணுவுக்குள்ள இருக்குற டிஎன்ஏ இழை நிறைய அறுந்திருக்கு. சாதாரணச் சோதனையில இது தெரியாது. கரு உண்டாகும், வளர முடியாம நின்னுடலாம். ஒங்களுக்குக் கலைஞ்சதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்."

மூட்டத்துச் சூடு, பீடி, வயல் மருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு விரதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"மாசக்கணக்குல தள்ளிப் படுத்தா அணு உள்ளேயே தேங்கிக் கெட்டுப்போகும். அடிக்கடி சேர்ந்திருங்க. அதான் முதல் வைத்தியம். பீடிய விடுங்க, மூட்டத்துப் பக்கம் போகாதீங்க. புது அணு உருவாக ஏறக்குறைய மூணு மாசம் ஆகும், அப்புறம் திரும்பப் பாக்கலாம். கண்டிப்பா சரியாயிடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

சம்பந்தியம்மா வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. ஊருக்குப் போனதும் திறந்தார்: "மருமகளுக்கு மதுரையில வைத்தியம் நடக்குது."

மருமகன் பீடியை விட்டார். மூட்டத்துக்கு ஆள் போட்டார். கார்த்திகை பிறந்தது, மாலை போடவில்லை. அதற்கும் பழி என் மகள் மேல்தான்: சாமி காரியத்தைக் கெடுத்தவள்.

மார்கழி வருவதற்குள் மருமகனின் தங்கைக்கு வளைகாப்பு வைத்தார்கள். கூடம் நிறையப் பெண்கள். வரிசையில் என் மகள் சந்தனக் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். சம்பந்தியம்மா கிண்ணத்தை நகர்த்திவைத்தார்.

"நீ அங்கன பந்தியப் பாரு ஆத்தா. புள்ள தங்குனவுக பூசட்டும்."

என் மகள் நீட்டிய கையை மடக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். அதற்குள் தண்ணீர்க் கேனோடு வாசலில் நின்ற மருமகன் பேசினார்.

"அவள ஏம்மா தள்ளுற? கோளாறு எங்கிட்ட. டாக்டர் ஒன்ன வச்சுக்கிட்டுத்தான சொன்னாங்க?"

"ஏலே, பொம்பளைக இருக்குற எடத்துல என்னலே பேச்சு?"

"அவளப் பத்தி இதே பொம்பளைககிட்டத்தான நீ இம்புட்டு நாளாப் பேசுன?"

ஒருத்தியாவது என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவர்கள் மருமகனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாவம், புள்ள எளச்சுல்ல போயிட்டான்!"

"முருங்கப்பூவப் பால்ல போட்டுக் குடுங்க."

"வெயில்ல அலையாத அய்யா."

அவளிடம் குறை என்றபோது ஓர் ஓரமாக இருக்கச் சொன்னவர்கள். அவரிடம் என்றதும் முருங்கைப்பூ.

என் மகள் எதற்கும் காத்திருக்கவில்லை. கிண்ணத்தை எடுத்து நாத்தனாரின் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டாள். அந்தப் பெண் மற்ற கையையும் நீட்டினாள்.

"இந்தக் கைக்கும் நீங்களே போடுங்க மதினி."

சம்பந்தியம்மா அப்போதும் என் மகளைப் பார்க்கவில்லை. மகனுக்குப் பால் காய்ச்சச் சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.