பஞ்சர் ஆகாத ஞாயிறு

எட்டாவதோடு படிப்பை விட்டேன். லாரி, ஓட்டல், செங்கல் சூளை என்று ஊர் ஊராகச் சுற்றி, வடக்கே காளிகாட் பகுதியில் ஒரு தமிழ் மெஸ்ஸில் மாவாட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். கூடவே வந்தது என் சைக்கிள் மட்டும். மெஸ்ஸுக்குச் சாப்பிட வருபவர்களில் துறைமுக அலுவலகத்து அதிகாரி ஒருவர் உண்டு, தூத்துக்குடிப் பெண். ஞாயிறு காலைகளில் நாங்கள் இருவரும் சைக்கிளில் பெஹாலா தாண்டிப் போவோம்.

பஸ்ஸும் ஆட்டோவும் உரசும் சாலை. ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக முடியும், பேச்சுக்கு வழியில்லை. என் டயர் பஞ்சரானால்தான் பேச்சு. அவருடையது ட்யூப்லெஸ், உள்ளே ஊற்றியிருக்கும் வெள்ளைப் பால் துளையைத் தானே அடைத்துவிடும். என்னுடையது ட்யூப். டீக்கடை வாளியில் அமுக்கிப் பிடித்து ஓட்டை தேடுவேன்.

“அந்தா, முட்டை விடுது!” என்பார், மண்குவளை டீயோடு பக்கத்தில் குந்தியபடி. “ஆளுதான் ஒரு இடத்துல நிக்க மாட்டீங்கன்னா, உங்க காத்தும் நிக்க மாட்டேங்குதே!”

பசை காயும்வரை அவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்வார். நான் படுத்துறங்கிய ரயில் நிலையங்களைப் பற்றிச் சொல்வேன். காய்ந்த பிறகும் ஊதிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. நான் எந்த ஊருக்கும் யாரையும் கேட்டுப் போனதில்லை. இந்த ஒரு ஊருக்குத்தான் கேட்க வேண்டியிருந்தது: நானும் வரட்டுமா? அடுத்த பஞ்சரில் கேட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அதற்குள் அவர் தன் பழைய ட்யூப்லெஸ் சக்கரங்களைக் கொண்டுவந்து என் சைக்கிளில் மாட்டிவிட்டார். “நான் போனப்புறம் தனியால்லா ரோட்டுல உக்காந்திருப்பீங்க. இனி எங்கயும் நிக்க வேண்டாம்.”

கழற்றிப் போட்ட ட்யூப்களைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு. டீக்கடைக்குச் சற்று முன்னால் என் பின்சக்கரம் சீறியது. கெண்டைக்காலில் வெள்ளைப் பால் தெறித்தது. பிரேக்கில் விரல் வைத்தேன். சீற்றம் அடங்கிவிட்டது.

“என்னாச்சு?” முன்னாலிருந்து கத்தினார்.

“ஆணி. அடைச்சிருச்சு.”

“பாத்தீங்களா!” என்று சிரித்து, வேகமாக மிதித்தார். டீக்கடை பின்னால் போய்விட்டது.

அவர் போன மறுவாரம் அதே சக்கரங்களுக்குள் ட்யூபை மாட்டினேன். இப்போதும் பஞ்சரானால் அந்தக் கடையில்தான் உட்காருகிறேன். பசை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.