போனில் இல்லாத நடை

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் எங்கள் நடைக்குழு உட்கார்ந்திருக்கிறது. விடியலில் ராயபுரத்தில் கிளம்பினோம், எண்ணூர்வரை போகவேண்டும். குழுவை நடத்துகிறவர் கல்மண்டபத்து ஆள், ஐம்பது வயசிருக்கும். ஒரு நோட்டைப் பிரித்து அவரவர் நடந்த சாதனையை எழுதுகிறார். ஒருத்தர் மலைக்காட்டில் அட்டை கடிக்கக் கடிக்க நாள் முழுக்க நடந்தாராம். இன்னொருத்தர் பனியில் கால் மரத்துப்போய் நடந்தாராம். போனில் பதிவான கணக்கை ஆளுக்காள் காட்டுகிறார்கள்.

என் முறை வருகிறது.

"காசிமேட்டுலேர்ந்து எண்ணூருக்கு தெனம் மீன் கூடையோட நடந்தவ நானு. ஒரு பொயல்ல இடுப்பளவு தண்ணி, கூடை நனையல. எய்து நைனா."

"போன்ல கீதா, யம்மா?"

"அப்போ ஏது போனு?"

"அப்ப எய்த முடியாதே. அத்தோட அது பொயப்பு, நடைல சேராது."

நோட்டையும் போனையும் பைக்குள் போட்டு மூடுகிறார்.

எனக்குக் காதெல்லாம் சுடுகிறது. பிழைப்புக்கு நடந்தால் கால் வலிக்காதா? அந்தப் பை பன்னிரண்டு கிலோ என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, பையை அதன்மேல் ஏற்றி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் நடக்கிறேன். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன.

அவர் பின்னாலேயே ஓடிவருகிறார்.

"யம்மா, இன்னா இது! என் போனு உள்ள கீது!"

"தெரியும். எண்ணூர்ல எறக்கி வெக்கிறேன், அத்த பாத்து எய்திக்க."