உரித்துக் குவித்த சோளம்

பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோருடன் ஒத்துவராமல், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி செகிஞ்சான் ஊர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வழியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு மக்காச்சோளக் கொல்லை. உரித்த கதிர்க் குவியலின் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை நிறையக் காகிதக் கிளிப்புகள். பேசும்போது ஒன்றை விரல் நுனியில் மாட்டி மாட்டிக் கழற்றினார்.

தண்ணீர் கேட்டேன். போத்தலை நீட்டினார்.

“நல்ல விளைச்சல் லா சார். ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

“இது விக்கிற சோளம் இல்லண்ணே. எந்தக் குணம் விதைக்குள்ள எந்த இடத்துல இருக்குன்னு மேப் போடுறோம். ஒவ்வொரு செடியோட இலையையும் லேப்ல பாத்தாச்சு. எந்தக் கதிர் எந்தச் செடியோடதுன்னு தெரிஞ்சாதான் மேப். செடி நம்பர், கதிர் மேல கிளிப் போட்டு மாட்டின காகித உறையில இருந்துச்சு.”

“உறை எங்க?”

கொல்லை ஓரத்தில் கிடந்த சாம்பலைக் காட்டினார். அவர் வருவதற்குள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆட்கள் உதவியாக அறுவடையை முடித்திருந்தார்கள். செம்பனைக் குலையைக் குவிக்கிற பழக்கத்தில் எல்லாவற்றையும் உரித்து ஒரே இடத்தில் குவித்து, உறைகளையும் குப்பையோடு கொளுத்திவிட்டார்கள்.

“திட்டலையா?”

“‘சுத்தமா முடிச்சிட்டோம், டீ வாங்கிக் கொடுங்க சார்’னு சிரிச்சாங்க. வாங்கிக் கொடுத்தேன். மறுபடி விதைக்க மேல உள்ளவங்க விடுவாங்களான்னு தெரியல.”

இரண்டு கதிர்களை எடுத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு குவியலிலேயே வைத்தார்.

மறுநாள் காலை செகிஞ்சான் நெல் ஆலையில் வேலை கிடைத்தது. பல வயல்களிலிருந்து லோரியில் வரும் நெல்லை ஒரே குழியில் தள்ள வேண்டும். முதல் லோரி வந்ததும், “இது யாரு வயல் நெல்லு?” என்று கேட்டேன்.

“உனக்கு எதுக்கு லா?” என்றான் டிரைவர்.

நெல்லைக் குழியில் தள்ளிவிட்டேன்.